விளையாட்டுப் பெட்டியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பட்டணத்துக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த தவணைக் கணக்கு அது.

"சார், பரீட்சையில நல்லாச் செஞ்சா கேம் பெட்டி வாங்கித் தர்றேன்னு பையன்கிட்ட வாய் விட்டுட்டேன். அவனும் செஞ்சிட்டான். இப்பப் போய் விசாரிச்சா ரெண்டாயிரத்துக்கு மேல சொல்றாங்க. பழசு வாங்கலாம்னா, 'அது போன தலைமுறைப்பா, யாரும் சீண்ட மாட்டாங்க'ங்கிறான். என்ன சார் செய்யிறது?"

பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று தவிக்கும் மனிதர். அன்று நான் அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பாடாங் செராயிலும் பீடோங்கிலும் கூலிமிலும் நம்மவர் வீடுகள் எத்தனையோ. அத்தனையிலும் இதே கேள்வி இன்று எழுந்துகொண்டுதானே இருக்கிறது? ஆகவே அவருக்குச் சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

அக்கா வாங்கி வந்த பெட்டி

எங்கள் லயத்துக்கு முதல் விளையாட்டுப் பெட்டி வந்தது 1991-ஆம் ஆண்டு. வாங்கி வந்தது என் அக்கா. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அக்காவுக்கு வேலை. விடியற்காலை நாலரை மணிக்குத் தோட்டத்து முச்சந்தியில் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். அம்மா பால்வெட்டுக்குப் பெரட்டுக்குக் கிளம்பும்போது அக்காவும் கிளம்பிவிடுவாள். இருவரும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் தலை வாரிக்கொள்வார்கள்.

அந்த வருடப் போனஸில், சுங்கை பட்டாணி கடையொன்றில் அக்கா வாங்கியது 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற பெட்டி. தைவானில் செய்தது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட 'ஃபேமிகாம்' என்னும் குடும்பக் கணினிக்கு அது நகல். நகல் என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. தொலைக்காட்சியின் ஏரியல் கம்பியைக் கழற்றி இந்தக் கம்பியைச் செருகி, கேசட்டை எடுத்து வாயால் ஊதி உள்ளே தள்ளினால், மாரியோ குதிப்பான், டாங்கி சுடும். ஒரே கேசட்டில் 64 விளையாட்டு என்று அட்டையில் போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் பாதி ஒன்றே திரும்பத் திரும்ப வரும்!

"டி.வி. கெட்டுப்போகும்" என்று அப்பா சத்தம் போட்டார். பக்கத்து லயத்துப் பையன்களெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசை பிடித்தார்கள். அக்கா மட்டும் ஒருநாளும் விளையாடியதில்லை. கூப்பிட்டால், "நாளெல்லாம் கண்ணாடிக்குள்ள பாத்துப் பாத்துக் கண்ணு வலிக்குதுடா. நீங்க வெளையாடுங்க" என்பாள்.

அவள் சொன்ன கண்ணாடி பூதக்கண்ணாடி. மின்னணுச் சில்லையும் அதன் கால்களையும் தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைக்க வேண்டும். அதை நுண்ணோக்கியில் கண் வைத்தபடி நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஒருமுறை எங்கள் பெட்டி பழுதாகி, பாடாங் செராயில் ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போனோம். மேசைமேல் திறந்து கிடந்த ஒரு பழைய ரேடியோப் பலகையை அவர் எங்களுக்குக் காட்டினார். அதிலிருந்த கறுப்புச் சில்லின் முதுகில் 'மலேசியா' என்று அச்சிட்டிருந்தது. அக்கா அதை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க லைன்ல வந்ததா இருக்கும்" என்று சிரித்தாள்.

இதை ஏன் சொல்கிறேன்? உலகின் முதல் வீட்டு வீடியோ விளையாட்டுப் பெட்டியான 'மேக்னவாக்ஸ் ஒடிஸி' அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1972-இல். ரால்ஃப் பேயர் என்னும் பொறியாளரின் கண்டுபிடிப்பு. ஓசை கிடையாது, படத்துக்குப் பதிலாகத் தொலைக்காட்சிக் கண்ணாடிமேல் வண்ணத் தாளை ஒட்டிக்கொள்ள வேண்டும். பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரத்தில் இன்டெல், ஏ.எம்.டி. போன்ற நிறுவனங்கள் காலூன்றியதும் அதே 1972-இல்தான். அந்தப் பெட்டிகளும் நம் தோட்டத்துப் பெண்கள் பஸ் ஏறிய அந்தத் தொழிலும் ஒரே வயதுப் பிள்ளைகள். இந்தப் பொருள் நமக்கு அந்நியமென்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

தலைமுறை என்றால் என்ன?

பையன் சொன்னானே, 'போன தலைமுறை' என்று, அதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

ஃபேமிகாமை 8-பிட் பெட்டி என்பார்கள். கணக்குப் போடும் சில்லு ஒரே வீச்சில் எவ்வளவு பெரிய எண்ணைத் தூக்கும் என்பதற்கு அது அளவு. பால் சுமக்கும் காண்டாவில் இரண்டு வாளி தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாளி தொங்கினால் ஒரு நடையில் இரண்டு மடங்கு பால் கொட்டகைக்கு வந்து சேரும். அதுபோல 1988-இல் சேகா நிறுவனத்தின் 'மெகா டிரைவ்', 1990-இல் நின்டெண்டோவின் 'சூப்பர் ஃபேமிகாம்' ஆகியவை 16-பிட் என்று வந்தன. 1994 டிசம்பரில் சோனியின் 'பிளேஸ்டேஷன்' 32-பிட் என்று வந்தது. கேசட் போய்க் குறுந்தட்டு பரவலானதும் அதையொட்டித்தான். 1996-இல் 'நின்டெண்டோ 64' தன் பெயரிலேயே பிட் கணக்கைத் தாங்கி வந்தது. அதன்பின் பிட் கணக்கு அலுத்துப்போய், 1, 2, 3 என்று எண் போட ஆரம்பித்தார்கள். பிளேஸ்டேஷன் 2000-இல் இரண்டாகி, 2006-இல் மூன்றாகி, 2013-இல் நான்காகி, 2020-இல் ஐந்தாகிவிட்டது.

ஆக, ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு தலைமுறை. பிள்ளை முதலாம் ஆண்டில் சேரும்போது வாங்கிய பெட்டி, அவன் இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது 'கிழடு' ஆகிவிடுகிறது. பெட்டி கெட்டுப்போயிருக்காது. கடைக்காரருக்குத்தான் அது கிழடு.

வலிமை உள்ளது வென்றதா?

ஒவ்வொரு தலைமுறையிலும் விளம்பரம் ஒன்றையே சொல்கிறது: "இதுவே மிக வலிமையானது." ஆனால் விற்பனைக் கணக்கைப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

1989-இல் நின்டெண்டோ 'கேம் பாய்' என்ற கையடக்கப் பெட்டியை வெளியிட்டது. மங்கலான பச்சைத் திரை, வண்ணம் கிடையாது. அதற்குப் போட்டியாக அடுத்த ஆண்டே வண்ணத் திரையோடு சேகாவின் 'கேம் கியர்' வந்தது. பார்க்க அழகுதான். ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாய் நான்கு பேட்டரியில் நாள்கணக்கில் ஓடியது. அதை வடிவமைத்த குன்பெய் யோகோய், விலை மலிந்துபோன பழைய பொருளைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் விற்றது.

2006-இலும் இதுவே நடந்தது. அந்த ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 3 பெரும் வலிமை கொண்டது, விலையும் பெரிது. அதே மாதம் வந்த நின்டெண்டோவின் 'வீ' வலிமையில் மிகவும் பின்தங்கியது. ஆனால் கையில் கோலைப் பிடித்து வீசினால் திரையில் பந்து பறக்கும். தாத்தாவும் பாட்டியும் ஆடலாம். 'வீ' 10 கோடியைத் தாண்டியது. பிளேஸ்டேஷன் 3 ஏறத்தாழ 8 கோடியே 70 லட்சத்தில் நின்றது.

வீட்டுப் பெட்டிகளிலேயே இதுவரை அதிகம் விற்றது பிளேஸ்டேஷன் 2. ஏறத்தாழ 16 கோடி. நம் பக்கத்து வீடுகளில் அது நுழைந்த காரணம் பலருக்கு நினைவிருக்கும். அதில் டி.வி.டி. படமும் பார்க்கலாம்! பிள்ளைக்கு விளையாட்டு, அம்மாவுக்கு ரஜினி படம்.

எங்கள் பெட்டிக்குள் குதித்த மாரியோவையே பாருங்கள். 1985-இல் வந்த அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இடம் போதாததால், வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் ஒரே படமாக வரைந்து, ஒன்றுக்கு வெள்ளையும் மற்றதற்குப் பச்சையும் பூசினார்கள். அம்மாவின் பழைய சேலையில் அக்காவுக்குப் பாவாடையும் எனக்குத் தலையணை உறையும் வந்ததில்லையா, அதே சிக்கனம்தான். நாற்பது ஆண்டு கழித்தும் பிள்ளைகள் அதை ஆடி மகிழ்கிறார்கள். ரப்பர்க் கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடிய நமக்கும், ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்த நமக்கும் இது புரியாததா?

விற்பவரின் கணக்கு

இந்தத் தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியைப் பல நேரம் அடக்க விலைக்கோ, நட்டத்துக்கோகூட விற்பார்கள். லாபம் அதன்பின் வாங்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் இருக்கிறது. வெளி நிறுவனம் செய்த விளையாட்டானாலும், பெட்டிக்காரருக்கு அதில் ஒரு பங்கு உண்டு. ஆகவே பெட்டியின் விலை முதல் செலவுதான். புது விளையாட்டுகளின் விலை தனி. இணையத்தில் மற்றவரோடு ஆடப் பெரும்பாலும் சந்தா தனி. தவணைக் காகிதத்தில் இவை எழுதப்பட்டிருக்காது.

2020 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 5 மலேசியாவுக்கு வந்தபோது, தட்டுப் போடும் பெட்டியின் விலை 2,299 வெள்ளி. அந்த ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் பட்டணங்களில் 1,200 வெள்ளி. மற்ற இடங்களில் 1,100. அதாவது, 1,100 வெள்ளி வாங்கும் ஒரு தொழிலாளி இரண்டு மாதம் உண்ணாமல் உடுத்தாமல் சேர்த்தாலும் கொஞ்சம் குறையும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆகியிருக்கிறது. அப்படியும் ஒரு மாதச் சம்பளத்தில் அடங்காத பொருள் அது.

இலவசம் என்னும் தூண்டில்

இதைப் படித்துவிட்டு, "நல்ல வேளை, என் பிள்ளை பெட்டி கேட்கவில்லை, கைத்தொலைபேசியில் இலவசமாகத்தான் ஆடுகிறான்" என்று யாராவது பெருமூச்சு விட்டால், அவர்களுக்குத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

என் வகுப்பு மாணவன் ஒருவன், தாயின் கைத்தொலைபேசியில் அப்படி 'இலவசமாக' ஆடினான். விளையாட்டு இலவசம்; வீரனுக்கு நல்ல சட்டை, கூர்மையான வாள், பளபளக்கும் வைரம் எல்லாம் காசு. ஒவ்வொன்றும் இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி. மாதக் கடைசியில் கணக்கு வந்தபோது 380 வெள்ளி. அந்தத் தாய் ஆயாக் கொட்டகையில் வேலை செய்பவர். பையனை அடிக்கவும் மனமில்லாமல், என் முன்னால் உட்கார்ந்து அழுதார். "அவனுக்கு அது காசுன்னே தெரியல சார்" என்றார்.

உண்மை. அது காசு என்று தெரியாதபடி செய்வதுதான் அந்த வியாபாரத்தின் சூட்சுமம். வெள்ளியை வைரமாக மாற்றிவிட்டால் எண்ணத் தோன்றாது. உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாமல் விற்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளும் உண்டு. அவற்றைச் சூதாட்டம் என்று சொல்லி பெல்ஜியம் 2018-இல் தடுத்தது. பழைய பெட்டிக்காரர் ஒருமுறை காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். இவர் தினமும் வந்து கதவைத் தட்டுகிறார்.

தடுத்தால் தீருமா?

தடுத்துப் பார்த்த நாடுகள் பல. 1981-இல் பிலிப்பீன்ஸில் மார்க்கோஸ் வீடியோ விளையாட்டுகளுக்கே தடை போட்டார். நம் நாட்டிலும் 2001-இல், சூதாட்டம் உள்ளே புகுந்துவிட்டது என்று வீடியோ விளையாட்டு நிலையங்களை மூட அரசாங்கம் முடிவெடுத்தது. சீனா 2021-இல், 18 வயதுக்கு உட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை ஆகிய நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்றது. விளையாட்டு மோகம் முற்றினால் அது ஒரு நோய் என்று உலகச் சுகாதார நிறுவனமும் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது ஆண்டுக்கு மேலாக ஆசிரியர் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று தெரியும். வீட்டில் தடுத்த பிள்ளை நண்பன் வீட்டில் ஆடுகிறான். கூட உட்கார்ந்து என்னவென்று கேட்கும் பெற்றோரின் பிள்ளை, நேரமானதும் நிறுத்தக் கற்றுக்கொள்கிறான். நாம் பயப்பட வேண்டியது, பிள்ளை விளையாடுவதைக் கண்டு அல்ல. அவன் என்ன விளையாடுகிறான் என்பது நமக்குத் தெரியாமல் இருப்பதைக் கண்டுதான்.

தகப்பனாருக்கு என் பதில்

ஐயா, பையனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஆனால் தவணை வேண்டாம். நன்றாக ஓடுகிற ஒரு போன தலைமுறைப் பெட்டியைக் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். அதற்கென்று வந்த நல்ல விளையாட்டுகள் இன்று மலிவாகக் கிடைக்கும். ஒரு பிள்ளையால் இடைநிலைப் பள்ளி முடியும்வரை ஆடித் தீர்க்க முடியாது. பெட்டி கூடத்தில் இருக்கட்டும், படுக்கை அறையில் வேண்டாம். நேரத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். வங்கி அட்டை எண்ணையும் கைத்தொலைபேசிக் கடவுச்சொல்லையும் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். வாரத்தில் ஒருநாள் நீங்களும் ஒரு ஆட்டம் ஆடித் தோற்றுப் போங்கள். "போன தலைமுறை" என்று பையன் முகம் சுளித்தால், மேகமும் புதரும் ஒரே படம் என்ற கதையைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். இதை ஆடுவதற்கு மட்டுமல்ல, ஆக்குவதற்கும் ஆள் வேண்டியிருக்கிறது. ஜப்பானில் 'ஃபைனல் ஃபேன்டசி 15' விளையாட்டில் பணியாற்றிய வான் ஹஸ்மர் என்னும் மலேசியர் நாடு திரும்பி நிறுவனம் தொடங்கி, 2020-இல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார். சோனியே அதே ஆண்டில் கோலாலம்பூரில் ஒரு கலைக்கூடம் திறந்தது. நம் கெடாவின் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில், 2024-இல் ஆஸ்திரியாவின் ஏ.டி. அண்ட் எஸ். நிறுவனம் சில்லுகளைத் தாங்கும் அடிப்பலகைக்கு ஆலை திறந்திருக்கிறது. பெரிய கணினிக் கூடங்களுக்கு ஏ.எம்.டி. செய்யும் சில்லுகளுக்கானவை அவை. பிளேஸ்டேஷன் 5-இன் மூளையும் அந்த ஏ.எம்.டி. வடிவமைத்ததே. அக்கா காலத்தில் நம்மவர் கையும் கண்ணும் இந்தத் தொழிலுக்குப் போயின. அடுத்து நம் பிள்ளைகளின் கணிதமும் ஓவியமும் கதையும் போகட்டுமே!

இட்டிலித் தட்டு

கனடாவின் டொராண்டோவில் அபி என்ற தமிழ் இளைஞர் அப்படித்தான் ஒன்று செய்தார். 2023-இல் வெளிவந்த அந்த விளையாட்டின் பெயரே 'வெண்பா'. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தகப்பன் பாவலன், மகன் கவின். சண்டை இல்லை, சுடுவது இல்லை. அம்மா எழுதித் தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. மிச்ச எழுத்தை வைத்துக்கொண்டு இட்டிலியும் மற்றதும் சமைக்க வேண்டும். அவ்வளவுதான். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த முதல் படைப்புக்கான விருதை அதற்குக் கொடுத்தது. விலை ஏறத்தாழ 15 அமெரிக்க டாலர்தான்.

போன தீபாவளிக்குச் சுங்கை பட்டாணியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். மருமகன் கூலிமில் தொழிற்சாலைத் தொழில்நுட்பர். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய 'ஸ்விட்ச்' பெட்டியில் என் மகளுக்கு வெண்பாவைப் போட்டுக் கொடுத்தான். அவள் தட்டுகளை எப்படி அடுக்கினாலும் இட்டிலி வேகவில்லை. "அத்தை, வேகவே மாட்டேங்குது" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தடித்த கண்ணாடி வழியே திரையை எட்டிப் பார்த்தாள். "ஓட்டைக்கு நேரா இட்டிலி வந்தா ஆவி எப்படி ஏறும்? தட்ட மாத்திப் போடு" என்றாள். மகளுக்கு விளங்கவில்லை. "குடு இங்க" என்று அந்தப் பெட்டியை அக்கா தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

முப்பது வருடத்துக்கு மேலாயிற்று, எங்களுக்காக அவள் ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்து. அன்றுதான் முதன்முறையாக ஆடினாள். இட்டிலி வெந்தது. அதோடு எழுந்துவிடுவாள் என்று பார்த்தேன், எழவில்லை. "அந்தப் பிள்ளை பெரியவனாகி அம்மாவப் பாக்க வருதா, இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே கதை முடியும்வரை ஆடினாள். அடுப்பிலிருந்த குழம்பை என் மனைவிதான் போய் இறக்கி வைத்தாள்.